விளக்கேற்றித் தீர்த்த பகை

திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு, கருவறைக்கு முன்னுள்ள இரண்டு எருக்கந்தூண்களைக் காட்டி ஒரு போர்க்கதை சொல்வார்கள். புழலில் கோட்டை கட்டி ஆண்ட குறும்பர்கள் மேல் தொண்டைமான் படையெடுத்தான். முதலில் தோற்றுத் திரும்பும்போது அவன் யானையின் காலில் முல்லைக்கொடி சிக்கியது. வாளால் கொடியை வெட்டினான். அடியிலிருந்த லிங்கத்திலிருந்து குருதி பெருகியது. இறைவன் வெளிப்பட்டு நந்தியைத் துணைக்கு அனுப்ப, தொண்டைமான் வென்றான். குறும்பர் கோட்டையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த வெற்றிச் சின்னம்தான் இந்தத் தூண்கள். நந்தி சன்னதியை நோக்காமல் வெளியே பார்த்து இருப்பதற்கும் இதுவே காரணம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலின் மெக்கன்சிக்காகத் திரட்டிய சுவடிகளிலும் குறும்பர், 24 கோட்டம், புழல் கோட்டை என்று இதே கதை விரிகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தின் பழங்காலத்தைக் கேட்டால் பெரும்பாலோர் நினைவில் இருப்பது இந்த ஒரு போர்தான்.

அந்தக் கதையோடு எனக்குச் சண்டை இல்லை. ஓர் ஊர் தன் தெய்வத்தைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதைக்கு அகழாய்வுச் சான்று கேட்பது முறையும் ஆகாது. இதுபோன்ற கதைகளை அடுக்கி நாம் கட்டி வைத்திருக்கும் முடிவோடுதான் என் சண்டை. பழங்காலம் என்றால் ஓயாத போர். அமைதி என்பது இரண்டு போர்களுக்கு நடுவே மூச்சு வாங்கிய நேரம். கொடை என்பது வென்றவன் கொள்ளையைப் பங்கு வைத்தது, இல்லாவிட்டால் தோற்றவன் உயிருக்குக் கட்டிய விலை. மேடைப் பேச்சாளர் இதைப் பெருமையோடு சொல்கிறார். ஆய்வாளர் சிலர் இதையே கலைச்சொற்களோடு எழுதுகிறார்கள். மனித இயல்பே இதுதான் என்று உலகெங்கும் விற்கும் நூல்கள் தீர்ப்புச் சொல்கின்றன. மூன்று தரப்பும் கல்லிலும் மண்ணிலும் கிடைப்பதில் பாதியைத்தான் படித்திருக்கின்றன.

திருமுல்லைவாயிலிலேயே தொடங்கலாம். தூண்களைப் பார்த்தவர்கள் சுவரில் உள்ள எழுத்தைப் பார்ப்பதில்லை. உத்தம சோழர் காலத்தில், அதாவது 10ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், அவருடைய தாய் செம்பியன் மாதேவி இந்தக் கோயிலுக்கு நிலம் கொடுத்த செய்தி இங்குள்ள கல்வெட்டில் இருக்கிறது. புழல் கோட்டத்து அம்பத்தூர் நாட்டில், அம்பத்தூர்க்காரர்களிடமிருந்து விலைக்கு வாங்கிக் கொடுத்த நிலம் அது. வாங்கி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பல்லவரிடமிருந்து தொண்டை மண்டலத்தைச் சோழர் பறித்து அப்போது நூறாண்டுகூட ஆகவில்லை. 949இல் தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் சோழப் படையை முறியடித்தான். சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலிருந்தபடியே மாண்டான். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்த மண்டலம் கன்னரதேவன் என்று கல்வெட்டுகள் குறிக்கும் அந்தக் கிருஷ்ணனின் கையில் இருந்தது. படைகள் போயும் வந்தும் மிதித்த மண் இது. அதைத் திரும்பப் பெற்ற அரச குடும்பத்து மூத்த பெண்ணொருவர், ஊராரிடம் விலை பேசிப் பணம் கொடுத்து நிலத்தை வாங்கி, பிறகு கோயிலுக்குக் கொடுக்கிறார். கொள்ளையைப் பங்கு வைப்பது இந்த வழியில் நடக்காது. எடுத்துக்கொள்ளும் வலிமை இருந்தவர், எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் கல்லில் பொறித்துவைக்க விரும்பியிருக்கிறார். நேற்றுவரை வேறொரு மன்னனின் ஆட்சியாண்டைப் போட்டு ஆவணம் எழுதிய ஊராருக்கு, இந்த ஆட்சியில் உங்கள் உடைமை உங்களுடையது என்று அறிவிக்க இதைவிட நல்ல வழி அன்றைக்கு இருந்திருக்குமா?

தக்கோலத்தின் இன்னொரு தடயம் கிழக்கே திருவொற்றியூரில் இருக்கிறது. தமிழகத்துக் கல்வெட்டுகளில் என்னை அதிகம் உலுக்கியது இதுதான். ராஜாதித்தனின் நண்பராகவும் படைத்தலைவராகவும் இருந்த கேரள நாட்டவர் ஒருவர், தன் இளவரசனோடு போர்க்களத்தில் சாக வாய்க்காமல் போனதற்காக மனம் நொந்து துறவியாகிறார். சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு திருவொற்றியூர் மடத்தின் தலைவராகிறார். பிறகு அந்தக் கோயில் வழிபாட்டுக்காக 100 நிஷ்கம் பொன்னை ஊர்ச்சபையிடம் வைப்பாகக் கொடுக்கிறார். அந்தக் கொடையைப் பதிவு செய்த கல்வெட்டு மூன்றாம் கிருஷ்ணனின் இருபதாம் ஆட்சியாண்டைக் குறிப்பிடுகிறது. தன் நண்பனைக் கொன்ற படைக்கு அரசனாக இருந்தவனின் ஆட்சியாண்டு அது! தோற்ற பக்கத்துத் தளபதி, வென்றவனின் ஆட்சிக்குள், இருவருக்கும் பொதுவான ஓரிடத்தில் தன் பொன்னை வைத்துவிட்டுப் பகையிலிருந்து வெளியேறுகிறார். தக்கோலம் பாடநூலில் இருக்கிறது. சதுரானனர் எந்தப் பாடநூலில் இருக்கிறார்?

ஆய்வாளர்கள் சொல்வதற்கு வருகிறேன். க. கைலாசபதி 1968இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரநிலைக் கவிதைகளோடு ஒப்பிட்டுப் படித்தது. அது பெரும் உழைப்பு. அதற்குப் பின்னர்தான் பாணரையும் புலவரையும் சமூக வரலாற்றுக் கண்ணோடு பார்க்கக் கற்றோம். அதற்கு அடுத்து வந்த ராஜன் குருக்கள் போன்றவர்கள், வேந்தரும் வேளிரும் கொள்ளையிட்டுக் கொண்டுவந்ததைக் கொடையாகப் பகிர்ந்ததே அன்றைய பொருளியலின் அச்சாணி என்றார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆநிரை கவர்தலையும் ஊரை எரித்தலையும் புறநானூறு மறைக்கவில்லை. ஆனால் இந்த வாசிப்பு நாளடைவில் ஒரு சூத்திரமாக இறுகிவிட்டது. கொடை என்றாலே அது கொள்ளையின் மறுபக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதும் வழக்கம் வந்துவிட்டது.

அதே புறநானூற்றின் 45ஆம் பாட்டு எதற்காகப் பாடப்பட்டது? நலங்கிள்ளி முற்றுகையிட, உள்ளே அடைபட்டுக் கிடந்த நெடுங்கிள்ளி. இருவரும் சோழர், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று இடையில் நின்று சொன்னவர் கோவூர் கிழார். அடுத்த பாட்டில் அவரே, யானைக் காலில் இடறுண்டு சாகவிருந்த மலையமானின் குழந்தைகளைக் காப்பாற்றப் பேசுகிறார். அதற்கும் அடுத்த பாட்டில், ஒற்றன் என்று கொல்லப்படவிருந்த இளந்தத்தன் என்னும் புலவருக்காகப் பேசுகிறார். அடுத்தடுத்து மூன்று பாட்டு, மூன்றும் உயிர்காக்கும் தூது. பரிசில் பெற்று வாழ்ந்தவர் என்பதால்தான் இரு தரப்பு வாசலும் அவருக்குத் திறந்திருந்தன. கொடை வாங்குகிறவனுக்கு இரு பக்கமும் நடக்கும் உரிமை இருந்தது. அந்த உரிமை போரை நிறுத்தப் பயன்பட்டது. கொள்ளைப் பொருளியல் என்ற சூத்திரத்தில் இந்த உரிமைக்கு இடமே இல்லை.

95ஆம் பாட்டு நம் பக்கத்து விவகாரம். அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். ஆவடியில் 1960களிலிருந்து டாங்கி செய்கிறோம். ஆயுதத்தைக் காட்டினால் எதிராளி அடங்குவான் என்பதே இன்றைக்கும் அரசுகளின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை எவ்வளவு பழையது என்பதற்கு அந்தப் பாட்டின் அடிக்குறிப்பே சான்று. ஆனால் அந்தக் காட்சியில் நாம் ஆயுதங்களையும் ஔவையின் சொல்திறத்தையும் மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். பகைவன் அனுப்பிய ஒரு பெண், எந்தப் படைத்துணையும் இல்லாமல், படைக்கலக் கொட்டில்வரை போய்ப் பேசிவிட்டு உயிரோடு திரும்ப முடிந்தது என்ற ஏற்பாட்டை நாம் பொருட்படுத்துவதில்லை. அப்படி ஓர் ஏற்பாடு தானாக முளைக்காது. பல தலைமுறைப் பழக்கத்தில், வருகிறவருக்குச் சோறும் பரிசிலும் கொடுத்து அனுப்பும் கடமையில், அது ஊன்றியிருந்தது.

பாட்டை நம்பாதவர்களுக்குக் கல் இருக்கிறது. திருக்கோவலூருக்கு அருகில் ஜம்பையில் 1981இல் கண்டறிந்த தமிழ்பிராமிக் கல்வெட்டு, அசோகர் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் மரபைச் சேர்ந்த அதியமான் நெடுமான் அஞ்சி ஒரு குகைப்பாழியைத் துறவிகளுக்குக் கொடுத்ததைச் சொல்கிறது. அதியமான் கோவலூரை வென்றான் என்பதைப் பாடல்கள் சொல்கின்றன. அந்த வெற்றியைக் கல்லில் பொறித்து வைக்க அவனுக்குத் தோன்றவில்லை. வென்ற நிலத்தின் பக்கத்தில், தனக்காக வாளெடுக்கவே முடியாத துறவிகளுக்குக் கொடுத்ததைத்தான் பொறித்தான். புகலூரில் சேரர், மாங்குளத்தில் பாண்டியர் என்று நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய அரசக் கல்வெட்டுகளை எடுத்துப் பாருங்கள். அவை கொடைப் பதிவுகள். வீரயுகம் என்று நாம் பெயர் வைத்த காலம், தன்னைப் பற்றிக் கல்லில் எழுதியபோது கொடையைத்தான் எழுதியது.

இது விளம்பரம்தானே, வென்ற இடத்தில் காலூன்றச் செய்த தந்திரம்தானே என்று கேட்பார்கள். இருக்கட்டும். தந்திரமாகவே இருந்தாலும், வாள் மட்டும் போதாது என்று வாளெடுத்தவனே ஒப்புக்கொண்டதற்கு அது சாட்சி.

உலக அளவில் இந்த விவாதம் வேறு வேடத்தில் வருகிறது. லாரன்ஸ் கீலி 1996இலும் ஸ்டீவன் பிங்கர் 2011இலும் எழுதிய நூல்கள், பழைய சமூகங்களின் சாவுக்கணக்கில் வன்முறைக்குப் பெரும்பங்கு உண்டு என்றன. சூடானில் ஜெபல் சஹாபா இடுகாட்டின் 61 எலும்புக்கூடுகள் இந்த வாதத்தின் செல்லச் சான்று. 13,000 ஆண்டுகளுக்கும் முந்தையவை, பலவற்றில் அம்புமுனைகள். உலகின் முதல் போர் என்று பல காலம் எழுதினார்கள். 2021இல் அந்த எலும்புகளை மறுபடி சோதித்தபோது, அது ஒரே நாள் போரல்ல, மீண்டும் மீண்டும் நடந்த சிறு தாக்குதல்கள் என்று தெரிந்தது. காயம் ஆறிய எலும்புகளும் அங்கே நிறைய. குத்துப்பட்டவனைக் கிடத்தி, தண்ணீர் கொடுத்து, எழுந்து நடக்கும்வரை ஆதரித்தவர்கள் அந்த ஆற்றங்கரையில் இருந்திருக்கிறார்கள். அம்புமுனையை எண்ணியவர்கள் ஆறிய காயத்தையும் அதே அக்கறையோடு எண்ண வேண்டும்.

அடிப்படைக் கோளாறு இதுதான். போர் ஒரே நாளில் சாம்பல் அடுக்கையும் உடைந்த மண்டையோட்டையும் விட்டுச் செல்கிறது. தோண்டுகிறவர் கண்ணில் உடனே படுகிறது. அமைதி நூறாண்டுக்குப் பரவிக் கிடப்பதால் அதை யாரும் ஒரு நிகழ்வாகப் பார்ப்பதில்லை. ஆனால் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது கிடைக்கத்தான் செய்கிறது. ஜெனிஃபர் மில்லரும் யிமிங் வாங்கும் ஆப்பிரிக்காவின் 31 இடங்களில் கிடைத்த 1,500க்கும் மேற்பட்ட தீக்கோழி முட்டையோட்டு மணிகளை அளந்து, 50,000 ஆண்டுகளுக்கு முன்பே கிழக்கு ஆப்பிரிக்காவும் தென் ஆப்பிரிக்காவும் தொடர்பிலிருந்ததைக் காட்டினார்கள். கலகாரிப் பாலையில் அண்மைக்காலம் வரை அதே வகை மணிகள் உறவுப் பரிசாகக் கைமாறின. வறட்சி வந்தால் பரிசு வாங்கியவர் நிலத்தில் போய்த் தண்ணீர் குடிக்கலாம், வேட்டையாடலாம்; யாரும் தடுக்க மாட்டார்கள். நம் கொடுமணலில் ஒரே ஈமக்குழியில் 2,220 சூதுபவள மணிகள் கிடைத்தன. அந்தக் கல் கூர்ஜரப் பக்கத்திலிருந்து வந்ததாகக் கருதுகிறார்கள். வணிகம் என்று குறித்துவிட்டு அடுத்த குழிக்குப் போய்விடுகிறோம். எத்தனை குடிகளின் எல்லையைத் தாண்டி அந்தக் கல் வந்திருக்கும், ஒவ்வோர் எல்லையிலும் வழிவிட்டவருக்கு என்ன கொடுத்திருப்பார்கள், ஏன் அவர்கள் பிடுங்கிக்கொள்ளவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

பக்கத்திலேயே, திருவள்ளூருக்கு அப்பால் கொசத்தலையாற்றங்கரை அதிரம்பாக்கத்தில், 15 லட்சம் ஆண்டு பழமையான கைக்கோடரிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றைப் பார்க்கிற பிள்ளைகளிடம் நாம் முதலில் சொல்வது ஆயுதம் என்ற சொல்லைத்தான். இறைச்சி அறுக்கவும் மரம் சீவவும் ஆன கருவி அது. ஆதி மனிதனின் கையில் எதைக் கண்டாலும் சண்டைக்கு என்று நினைக்கும் பழக்கத்தைப் பள்ளியிலேயே ஊட்டிவிடுகிறோம்.

என் வாதத்தின் மையத்துக்கு வந்துவிட்டேன். சோழர் காலக் கல்வெட்டுகளில், குறிப்பாகப் பழைய வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டங்களில், ஒரு வகைப் பதிவு திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவன் வேட்டைக்குப் போகிறான். விலங்கென்று நினைத்து எய்த அம்பு இன்னொருவன் மேல் பாய்ந்து அவன் இறந்துபோகிறான். அந்த வட்டாரத்து ஊர்களின் பொதுச் சபையாரான நாட்டார் கூடுகிறார்கள். வேண்டுமென்று செய்யவில்லை என்று விசாரித்து அறிகிறார்கள். இவன் சாக வேண்டியதில்லை, இறந்தவன் பொருட்டுக் கோயிலில் நந்தா விளக்கு என்னும் அணையா விளக்கு எரிக்கட்டும் என்று முடிவு செய்கிறார்கள். விளக்குக்கு இத்தனை ஆடு அல்லது பசு என்று அளவு குறிக்கப்படுகிறது. அவ்வளவுதான். கல் தச்சன் பொறித்துவிடுகிறான். வாய்ச்சண்டையில் தள்ளிவிட்டு ஆள் இறந்துபோன வழக்குகளும் இப்படித் தீர்ந்திருக்கின்றன.

இதை மதநம்பிக்கை என்று ஒதுக்குவார்கள் சிலர். பணக்காரன் தப்பிக்க வழி என்பார்கள் வேறு சிலர். இருவரும் இந்த ஏற்பாட்டின் உள்ளமைப்பைப் பார்க்கவில்லை. ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாளுக்கு உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் குட்டி ஈன்றாலும் கணக்கில் எண்ணிக்கை குறையாமல் வைத்திருப்பது அவர் பொறுப்பு. அதனால்தான் கல்வெட்டுகள் அவற்றைச் சாவாமூவாப் பேராடு என்கின்றன. இடையருக்கு இடையர் பிணை நின்ற பதிவுகள் தஞ்சையில் இருக்கின்றன. அதாவது கொன்றவன், இறந்தவனின் வீட்டார், நாட்டார், கோயிலார், இடையர், அவருக்குப் பிணை நின்றவர் என்று ஒரு வட்டாரமே அந்த ஒரு விளக்கில் பொறுப்பேற்றது. தன் கையால் செத்தவனின் பெயரில் ஒவ்வொரு மாலையும் ஊரறிய ஒளி எரிவதைக் கொன்றவன் தன் ஆயுள் முழுக்கப் பார்க்க வேண்டும். இறந்தவன் மகன் வளர்ந்து கேட்டால், காட்டுவதற்கு ஒரு கல்லும் எரிகிற ஒரு சுடரும் இருந்தன. தப்பித்தல் என்று இதைச் சொல்ல மனம் வருகிறதா?

பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் கொடை பற்றி எழுதிய கட்டுரை, கொடுத்தாக வேண்டும், பெற்றாக வேண்டும், திருப்பித் தந்தாக வேண்டும் என்ற மூன்று கட்டாயங்களை அதில் கண்டது. அவர் கண்டது பெரிய உண்மை. ஆனால் இருவருக்கிடையே மட்டும் போய்வரும் கொடைக்குள் ஓர் ஆபத்து எப்போதும் உறங்குகிறது. திருப்பித் தருவது குறைந்தால் அவமானம், கூடினால் சவால். பழிக்குப் பழி என்பதும் இதே கணக்கில் ஓடும் ஒரு பரிமாற்றம்தான். நம் நாட்டார் செய்தது, அந்தக் கணக்கை இருவர் கையிலிருந்தும் எடுத்து மூன்றாவதான ஓர் இடத்தில் வைத்தது. இறந்தவனின் வீட்டார் கையில் பொருள் போகவில்லை. போனால் அது உயிருக்கு விலையாகியிருக்கும், வாங்கியவர்களுக்கு ஆறாத புண்ணாகியிருக்கும். கொன்றவன் வீட்டிலும் அது தங்கவில்லை. திருப்பித் தர முடியாத இடத்துக்கு, முடிவே இல்லாத தவணையில் அது போனது. சமாதானத்துக்கான கருவி என்று இதைத்தான் சொல்கிறேன். வேல்முனையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்கம் எழுதும் நம் அருங்காட்சியகங்கள், இந்தக் கருவியை எந்த அறையில் வைத்திருக்கின்றன?

இதை மிகைப்படுத்தவும் நான் தயாரில்லை. கூடித் தீர்ப்புச் சொன்னவர்கள் நிலவுடைமையாளர்கள். அந்தக் கூட்டத்தில் வாய்திறக்கும் உரிமை பறைச்சேரிக்கு இல்லை, பெண்களுக்கும் இல்லை. ஊரின் நல்ல நிலம் பிராமணருக்கான பிரமதேயமும் கோயிலுக்கான தேவதானமும் ஆனபோது உழுதவர்களின் உரிமை தேய்ந்த வரலாறும் அதே சுவர்களில்தான் இருக்கிறது. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் நடுநாட்டுச் சிற்றரசர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட நிலைமைத்தீட்டு என்னும் உடன்படிக்கைகளில், சிலர் இணங்கியதே வேறு சிலரை எதிர்க்கத்தான். அமைதி சிலருக்குக் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை என்பதை நான் மறுக்கவில்லை. கிடைத்த இடத்தில் அது எப்படி உண்டானது என்பதே கேள்வி. அது ஆயுதம் ஓய்ந்ததால் தானே விளைந்தது என்ற கூற்றைத்தான் மறுக்கிறேன். புதுக்கோட்டைச் சீமையில் படைவைத்திருந்த அரையர்கள், எங்களுக்குள் சண்டை வந்தாலும் ஊருக்கும் குடிகளுக்கும் அழிவு செய்ய மாட்டோம், செய்தால் கோயிலுக்கு இவ்வளவு பணம் தண்டம் என்று கல்வெட்டியிருக்கிறார்கள். அங்கேயும் தண்டம் போனது மூன்றாம் இடத்துக்கு. சென்னைக்கு வடக்கே காட்டூர்க் கல்வெட்டில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு ஒரு நகரத்தை வீரபட்டினமாக்கியபோது, வாளை உருவிக்காட்டி மிரட்டிப் பணம் பறிக்கிறவர்கள் அங்கே குடியிருக்கக் கூடாது என்று விதித்தது. நடுகற்களில் நெய்த்தோர்பட்டி என்று வருகிறதே, அது ஊருக்காக மாண்டவனின் வீட்டாருக்குக் கொடுத்த நிலம். வீரத்தைக் கொண்டாட நடுகல்லைக் காட்டுகிறவர்கள் அந்த நிலத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும். அந்த நிலம் இல்லாவிட்டால் அநாதையான மகன் அடுத்த ஆநிரைப் படையில்தான் சேர்ந்திருப்பான்.

ஏரிகளைப் பற்றி ஒரு சொல். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு, அங்கிருந்து மாதவரம் ரெட்டேரிக்கு என்று தண்ணீர் இறங்குகிறது. மேலூர்க்காரன் கலங்கலை ஒரு முழம் உயர்த்திக் கட்டினால் கீழூர்க்காரன் வயல் காயும். இந்தச் சங்கிலி நூற்றாண்டுக் கணக்கில் ஓடியது, கலங்கலின் உயரத்தை இரு ஊரும் ஒப்புக்கொண்டதால். கல்வெட்டு ஆய்வாளரும் அகழாய்வாளரும் ஒரு பருவம் இந்தக் கலங்கல்களையும் மதகுகளையும் தூம்புகளையும் அளக்கட்டும். புழலில் கோட்டையைத் தேடுவதைவிட அதிகம் கிடைக்கும்.

கடைசியாகப் பூந்தமல்லி. கொடையால் அமைதி வரும் என்பவர்களை மடக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை என்பதால் இதை ஒளிக்காமல் பேச வேண்டும். 1639 ஆகஸ்ட் 22ஆம் நாளிட்ட ஆவணத்தால் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மதராசப்பட்டினத்தில் இடம் கொடுத்தார். பேச்சுவார்த்தையை நடத்தியவர் பூந்தமல்லியில் இருந்த அவருடைய தம்பி ஐயப்ப நாயக்கர். ஆங்கிலேயரின் துணி வணிக ஆசைதான் இதற்குக் காரணம் என்று படித்திருக்கிறோம். நாயக்கர் குடும்பத்தைச் சேர்ந்த அங்கபூபாலர் தெலுங்கில் எழுதிய உஷாபரிணயம் வேறொரு காரணம் சொல்கிறது. பழவேற்காட்டில் டச்சுக்காரர், மயிலாப்பூரில் போர்த்துக்கீசியர், இருவரும் ஓயாமல் மோதிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டையைத் தடுக்கவே இரண்டுக்கும் நடுவில் தம் தந்தை சென்னப்பர் பெயரால் ஒரு பட்டினத்தை ஐயப்பர் உண்டாக்கினார் என்கிறது. குடும்பப் புகழ்ச்சி அதில் கலந்திருக்கும். ஆனால் நடுவில் ஓரிடத்தைக் கொடுத்துப் பகையைப் பிரிப்பது புகழுக்குரிய செயல் என்று அன்றைய கவிஞர் ஒருவர் கருதினார் என்பதே போதும். சென்னை மாநகரின் பிறப்புக்குச் சமாதானத்தைக் காரணமாகச் சொல்லும் இந்தக் குறிப்பு, ஆண்டுதோறும் நாம் கொண்டாடும் சென்னை நாளில் யார் வாயிலும் வருவதில்லை.

சரி, அந்தக் கொடை கோட்டையாகி, கோட்டை ஆட்சியாகி, நாட்டையே விழுங்கியதே என்பார்கள். உண்மை. சில ஆண்டுகளிலேயே பூந்தமல்லிப் பகுதி கோல்கொண்டாப் படையிடம் போனது, நாயக்கர்கள் மறைந்தார்கள், கோட்டை நின்றது. ஆனால் இதை வைத்துக் கொடையின் மேல் பழி போடுகிறவர்கள், அந்த ஆவணத்தை நாட்டார் கல்வெட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். இதில் கொடுத்தவரும் பெற்றவரும் மட்டுமே இருக்கிறார்கள். கோட்டை கட்ட இசைவும் சுங்க வருவாயில் பங்கும் இருவருக்குள் பேசி முடிந்தன. கூடி விசாரித்த நாட்டார் அதில் இல்லை. சண்டையிட்ட டச்சுக்காரரும் போர்த்துக்கீசியரும் அந்த ஏற்பாட்டில் எதற்கும் கட்டுப்படவில்லை. மீறினால் தண்டம் போய்ச்சேர வேண்டிய மூன்றாம் இடம் ஒன்று குறிக்கப்படவில்லை. பெற்றவர் தவறினால் கேட்பதற்குப் பிணை நின்றவர் யாரும் இல்லை. ஐயப்ப நாயக்கருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால், வேட்டையில் தவறி ஆளைக் கொன்ற ஒரு சாதாரண மனிதனிடம் 96 ஆட்டை வாங்கியபோதுகூட, இந்த மண்ணின் நாட்டார் இவை அத்தனையையும் கேட்டு எழுதி வாங்கியிருந்தார்கள்.